காரின் டிரைவ் பெல்ட் எவ்வளவு காலம் உழைக்கும்? சில பெல்ட்டுகள் ஏன் முன்கூட்டியே கெடுகின்றன?

இன்ஜினின் சுழற்சியை, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் ஏசி கம்பிரசருக்கும், பல வண்டிகளில் தண்ணீர் பம்புக்கும் கொண்டுசேர்க்கும் ரப்பர் பட்டையே டிரைவ் பெல்ட். இன்றைய பெல்ட்டுகள் பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் அளவுக்கு உழைக்கும். பழைய வகை ரப்பர் அதற்கு முன்பே வெடிப்பு விடும்.

30,000 கிலோமீட்டரிலேயே அறுந்தால், குற்றம் பெரும்பாலும் பெல்ட்டில் இல்லை. கிணற்று ராட்டினம் சாய்ந்திருந்தால் புதுக் கயிறும் ஓரம் நைந்துவிடும் அல்லவா? அதுபோலவே, பெல்ட் சுற்றி ஓடும் சக்கரமான புல்லி ஒன்று நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகினாலும், அதன் பேரிங் இறுகினாலும், பெல்ட்டை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்தாலும், பெல்ட் ஓரம் தேய்ந்தோ வழுக்கிச் சூடேறியோ விரைவில் கெடுகிறது. கசிந்த எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி மென்மையாகிவிடும். கசிவை அடைக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு மழைக்காலத்தில் அடிக்கடி செல்வோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சேற்றுநீரோடு வரும் மணல் பெல்ட்டின் பள்ளங்களில் புகுந்து அரைக்கிறது. ஏற்றத்தில் பெல்ட் அறுந்து தண்ணீர் பம்பும் நின்றுவிட்டால், இன்ஜின் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும். உடனே வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

வெடிப்பு தெரியாதவரை பெல்ட் நன்றாகவே இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இக்கால ரப்பர் வெடிக்காமலேயே டயரைப் போலத் தேய்வதால், பள்ளங்களின் ஆழத்தைத்தான் மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.