எண்ணெயா, சோறா: எதைக் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. கெட்ட கொலஸ்ட்ராலும் சற்று அதிகம். மருத்துவர் எண்ணெயையும் நெய்யையும் குறைக்கச் சொல்கிறார். பேலியோ முறையில் எடை குறைத்த என் மகனோ, “நெய்யும் தேங்காய் எண்ணெயும் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள், சோற்றை மட்டும் விட்டுவிடு” என்கிறான். உங்கள் இதழிலேயே இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: இரண்டு விதமாகவும் நாங்கள் வெளியிட்டிருக்கிறோம் என்பது உண்மைதான். உங்கள் மருத்துவரும் மகனும் ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள். எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும் இருவருமே, குறைத்த இடத்தில் எதை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கொழுப்பா மாவுச்சத்தா என்று அரை நூற்றாண்டாக நடக்கும் வழக்கில் பெரும்பகுதி, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்ததால் வந்ததே.

கொழுப்பின் மீது பழி விழுந்ததற்கு, அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958-இல் தொடங்கிய ‘ஏழு நாடுகள் ஆய்வு’ காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ஆய்வின் எண்களைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. பின்லாந்தின் கிழக்குப் பகுதியிலும் கிரேக்கத்தின் கிரீட் தீவிலும் மக்கள் உண்ட கொழுப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. மொத்தக் கலோரியில் 40 சதவீதத்தை ஒட்டியது. ஆயினும் மாரடைப்பு பின்லாந்தில் மிக அதிகமாகவும் கிரீட்டில் மிகக் குறைவாகவும் இருந்தது. முன்னவர்களின் கொழுப்பு பாலிலிருந்தும் வெண்ணெயிலிருந்தும் வந்தது. பின்னவர்களுடையது ஆலிவ் எண்ணெயிலிருந்து வந்தது. அதாவது, அளவைவிட வகையே முக்கியம் என்ற செய்தி அங்கேயே இருந்தது.

அது பொதுமக்களிடம் வந்து சேர்ந்தபோது ‘கொழுப்பைக் குறையுங்கள்’ என்று சுருங்கிவிட்டது. 1977-இல் அமெரிக்க செனட் குழு ஒன்று, கொழுப்பை 30 சதவீதத்துக்கு இறக்கி, மாவுச்சத்தை 55 முதல் 60 சதவீதத்துக்கு உயர்த்தும்படி பரிந்துரைத்தது. சர்க்கரையைக் குறைக்கவும் அதே குழு சொன்னது என்றாலும், கடைகளில் வந்து குவிந்தவை ‘கொழுப்பு குறைந்தது’ என்ற முத்திரையோடு சர்க்கரை கூட்டிய பிஸ்கட்டும் தயிரும்தான். வெண்ணெய்க்குப் பதிலாக, தாவர எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யும் மார்கரின் நல்லது என்றார்கள். அப்படிக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு வெண்ணெயைவிட மோசமானது என்பது 1990-க்குப் பிறகே உறுதியாயிற்று. (நம் ஊரில் வனஸ்பதிக்கும் இதே கதைதான். எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது.)

அளவைவிட வகையே முக்கியம் என்பதைப் பின்னர் வந்த பெரிய சோதனைகள் தெளிவாக்கின. அமெரிக்காவில் ஏறத்தாழ 49,000 பெண்களை வைத்து நடந்து 2006-இல் முடிவு வெளியான ஆய்வில், மொத்தக் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு எட்டு ஆண்டுகளில் இதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. மாறாக, ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயையோ கொட்டைப் பருப்புகளையோ தாராளமாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இதய, பக்கவாத நோய்கள் குறைந்தன. அந்த ஸ்பெயின் ஆய்வில் நடைமுறைக் குறைகள் கண்டறியப்பட்டுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, 2018-இல் திருத்தி வெளியிடப்பட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. சுருக்கமாகச் சொன்னால், நெய்யைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ரஸ்க்கும் மைதா பிஸ்கட்டும் தின்றால் பயனில்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், நிலக்கடலை, மீன் ஆகியவை வந்தால் பயன் உண்டு.

உங்கள் மகனின் எடை குறைந்ததை நான் மறுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கொழுப்பையும் மறு பிரிவினருக்கு மாவுச்சத்தையும் ஓராண்டு குறைத்தார்கள். முன்னவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் பின்னவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள், அதாவது பெரிய வேறுபாடு இல்லை. இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்ட பொதுவான விதி, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பது. மகன் சோற்றோடு சேர்த்துப் பரோட்டாவையும் இனிப்பையும் விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கும் நெய்யில் பாதிக்கு மேலும் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை. கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கெனவே கூடியிருக்கும் உங்களுக்கு, ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்ற சொல் பொருந்தாது.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். காலையில் நான்கு இட்லி, பகலில் சாம்பார், ரசம், மோர் என மூன்று சுற்றுச் சோறு, இரவில் மூன்று தோசை என்று உண்டால், ஒரு நாளைய தானியம் எளிதாக 300 கிராமைத் தாண்டிவிடும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் என்றால் அதுவும் மாவுச்சத்தே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி உணவுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு, 400 கிராம் காய்கறி, எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் வயதுக்கும் உழைப்புக்கும் தானியம் அதைவிடக் குறைவாகவே போதும். ஆகவே சாம்பாருக்கு ஒரு சுற்று, மோருக்கு அரைச் சுற்று என வைத்துக்கொண்டு, ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். குறைந்த சோற்றின் இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ கூட்டோ இருக்கட்டும். எண்ணெயைக் கரண்டியால் அளக்க முடியாவிட்டால், பாக்கெட்டைப் பிரிக்கும்போது நாள்காட்டியில் குறித்து வையுங்கள்: நால்வர் உள்ள வீட்டில் மாதம் மூன்றரை லிட்டர் தாண்டினால் அதிகம்.

கேள்வி: முட்டையின் மஞ்சள் கருவைச் சாப்பிடலாமா?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: நலமாக இருப்பவர் நாளுக்கு ஒன்று சாப்பிடலாம். உணவுக் கொலஸ்ட்ராலுக்கு இருந்த 300 மில்லிகிராம் உச்சவரம்பை அமெரிக்க வழிகாட்டுதல் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கைவிட்டுவிட்டது. நீரிழிவோ இதய நோயோ உள்ளவர் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: ஐந்தாண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன். அரிசியை நிறுத்திவிட்டுத் தினை, வரகுக்கு மாறிவிட்டேன். தோசை, உப்புமா எல்லாம் அதில்தான். ஆனாலும் சர்க்கரை குறையவில்லையே?
– வாசகர், விருதுநகர்

பதில்: தானியத்தை மாற்றினீர்கள்; அளவை மாற்றினீர்களா என்பதை எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், நம்மவர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டார்கள். தீட்டிய அரிசிக்குப் பதிலாக கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாக அதில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தவர்களிடமே குறைவு தென்பட்டது. மாவாக அரைத்த தினை, முழுத் தினையைவிட வேகமாகவே செரிக்கும். நான்கு தினைத் தோசைக்குப் பதில் இரண்டும், கூடவே பாசிப்பயறு அடை ஒன்றும் வைத்துப் பாருங்கள். ஆனால் மாவுச்சத்தைக் கணிசமாகக் குறைக்கும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளின் அளவைக் குறைக்காமல் உணவை மட்டும் குறைத்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.