விலை மாறியது, நேரம் மாறவில்லையே?

கேள்வி: ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் கருவி) ஒரு புத்தகக் கடைக்குத் தளம் எழுதியிருக்கிறேன். புத்தகம் சேர்த்த நேரம் தானாகப் பதிவாக ‘ஆட்டோ நவ் ஆட்’, கடைசியாகத் திருத்திய நேரத்துக்கு ‘ஆட்டோ நவ்’ போட்டிருக்கிறேன். அட்மினில் (ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம்) ஒவ்வொன்றாகத் திருத்தினால் சரியாக வருகிறது. ஆனால் ஒரு பதிப்பகத்தின் எல்லாப் புத்தகங்களுக்கும் மொத்தமாக விலையை மாற்றினால், திருத்திய நேரம் பழையபடியே நிற்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் மொத்தமாக மாற்றியது குவெரிசெட்டின் (பல பதிவுகளை ஒன்றாகக் கையாளும் தொகுப்பு) ‘அப்டேட்’ வழியாகத்தானே? அங்கேதான் சிக்கல். ‘ஆட்டோ நவ்’ டேட்டாபேஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. மாடலின் (புத்தகப் பதிவுக்கான பைத்தான் வகுப்பு) ‘சேவ்’ ஓடும்போது பைத்தான்தான் நேரத்தை எழுதுகிறது. ‘அப்டேட்’ நேராக டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல் கட்டளையை அனுப்பிவிடும், ‘சேவ்’ பக்கமே போகாது. அதனால் விலையோடு சேர்த்து, திருத்திய நேரத்துக்கும் ‘டைம்ஸோன் நவ்’ தரும் இப்போதைய நேரத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

இதே குழி இன்னொரு இடத்திலும் உண்டு. ‘சேவ்’ செய்யும்போது ‘அப்டேட் ஃபீல்ட்ஸ்’ என்று விலையை மட்டும் குறிப்பிட்டால் விலை மட்டும்தான் எழுதப்படும். நேர ஃபீல்டின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நான் அதிகம் தடுக்கி விழுந்தது இதில்தான்.

‘ஆட்டோ நவ் ஆட்’டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: முதல் முறை சேமிக்கும்போது நீங்கள் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அதைத் தள்ளிவிட்டு அந்த நொடியையே எழுதும். பழைய எக்செல் பட்டியலை ஏற்றினால், 2015இல் வந்த புத்தகமும் இன்று வந்ததாகத்தான் பதிவாகும். அப்படி ஏற்றும் வேலை இருந்தால் ‘ஆட்டோ நவ் ஆட்’டை எடுத்துவிட்டு, ‘டிஃபால்ட்’ ஆக ‘டைம்ஸோன் நவ்’ கொடுங்கள். பின்னால் அடைப்புக்குறி வேண்டாம். போட்டால் சர்வர் தொடங்கிய நேரமே எல்லாப் புத்தகத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், இரண்டு நேரமும் சமமாக இருந்தால் ‘இன்னும் திருத்தப்படவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு ஃபீல்டும் தனித்தனியாகக் கடிகாரத்தைப் பார்ப்பதால், புதிதாகச் சேர்த்த புத்தகத்தில்கூட சில மைக்ரோ நொடிகள் வித்தியாசம் வரும். ஒரு நொடி இடைவெளி விட்டு ஒப்பிடுங்கள்.

டேட்டாபேஸில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரிந்தால் பதற வேண்டாம். ‘யூஸ் டிஇசட்’ (நேர மண்டலக் கணக்கை இயக்கும் செட்டிங்) இயங்கும்போது ஜாங்கோ யூடிசியில்தான் (உலகப் பொது நேரம்) சேமிக்கும், 5.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பு. செட்டிங்ஸில் ‘டைம் ஸோன்’ இடத்தில் ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று கொடுத்தால் பக்கத்தில் நம் நேரம் வந்துவிடும்.