நர்சிங் பட்டப்படிப்பு: கல்லூரியைப் பார்க்குமுன் மருத்துவமனையைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் உயிரியல் பிரிவு படித்து, பிளஸ் டூவில் 600க்கு 418 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஊருக்கு வந்த முகவர் ஒருவர் பெங்களூரில் ஒரு கல்லூரியில் உடனே இடம் வாங்கித் தருவதாகவும், முன்பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் இந்த வாரமே தர வேண்டும் என்றும் சொல்கிறார். நம்பிச் சேர்க்கலாமா? தமிழ் வழியில் படித்தவளால் ஆங்கிலத்தில் இந்தப் படிப்பைப் படிக்க முடியுமா?

பதில்: அம்மா, அசல் சான்றிதழ்களை முகவரிடம் கொடுக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கையின்போது கல்லூரிகள் அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை இடைத்தரகருக்கு எப்படி வரும்? செவிலியர் கல்வியில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், சேர்ந்த கல்லூரி பிடிக்காமல் வேறு கல்லூரிக்கு மாற நினைத்தும், சான்றிதழ் வேறொருவர் பீரோவில் இருந்த ஒரே காரணத்தால் மாற முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகளுக்கு இந்த அவசரம் தேவையே இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 45 விழுக்காடும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும், சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயதும் நிறைந்திருந்தால் பி.எஸ்சி. நர்சிங் படிக்கத் தகுதி உண்டு. தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒதுக்கும் இடங்களையும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. இதற்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. அந்தக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து, தரவரிசை வந்த பிறகு மற்றதை யோசியுங்கள். அதில் இடம் கிடைக்காமல் போனால்கூட, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்லூரியை நீங்களே நேரில் அணுகலாம். நடுவில் ஒருவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது அங்கீகாரம். தமிழ்நாட்டில் ஒரு நர்சிங் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பையும், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரத்தையும், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இடத்தையும் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் பழைய கடிதம் போதாது. சேரும் கல்வியாண்டுக்குரிய ஆணை வேண்டும். பட்டம் வாங்கினால் மட்டும் செவிலியராகிவிட முடியாது, மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் பணி செய்ய முடியும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். கர்நாடகத்தில் கல்லூரியை அங்கீகரிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கா இந்திய நர்சிங் கவுன்சிலுக்கா என்பது நீதிமன்றம் வரை சென்ற விவகாரம். அந்தக் கவுன்சிலின் பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவர், படித்த மாநிலத்துக்கு வெளியே பதிவு பெற முயலும்போது சிக்கலைச் சந்திக்க நேரிடலாம். முகவர் சொல்லும் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அவர் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல், நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் பெற்றோர் பெரும்பாலும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறப் போகிறாள்? கட்டடத்தையும் விடுதியையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நர்சிங் வகுப்பறையில் தொடங்கினாலும் கைக்கு வருவது வார்டில்தான். பொம்மையின் கையில் நூறு முறை ஊசி குத்திப் பழகிய மாணவிக்கும், நீர் வற்றி நரம்பு ஒட்டிப்போன ஒரு முதியவரின் கையில் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிய மாணவிக்கும் உள்ள வேறுபாட்டை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டாது. அதனால்தான் நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவருக்கு 3 நோயாளிகளாவது இருக்க வேண்டும், 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றெல்லாம் இந்திய நர்சிங் கவுன்சில் விதி வகுத்திருக்கிறது. படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளியும் இருக்க வேண்டும். ஆகவே ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குச் சென்று, புறநோயாளிகள் வரிசையையும், பெண்கள் வார்டில் எத்தனை கட்டில் நிரம்பியிருக்கிறது என்பதையும் நீங்களே பாருங்கள். மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகிய பிரிவுகளுக்கு மாணவிகளை எந்த ஊருக்கு, எத்தனை வாரம் அனுப்புகிறார்கள் என்று முதல்வரிடம் கேளுங்கள். பிறகு மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியே கண்டு, இதுவரை எத்தனை பிரசவத்தில் கூட இருந்தாய் என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதில், கல்லூரி அச்சிட்டுத் தரும் வண்ணக் கையேட்டை விட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

2021இல் அரசிதழில் வெளியான புதிய பாடத்திட்டம் இந்தப் பயிற்சியை இன்னும் இறுக்கியிருக்கிறது. நான்கு ஆண்டுகள் எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டு, கடைசிப் பருவம் முழுவதும் 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம் மருத்துவமனையிலும் சமுதாய நலப் பணியிலும் உள்ளிருப்புப் பயிற்சியாகவே கழிகிறது. தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை போதும் என்றாலும், பட்டம் பெறுவதற்குள் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தை முழுமையாக, அதாவது 100 விழுக்காடும், முடித்திருக்க வேண்டும். நோயாளிகள் வராத மருத்துவமனையில் இந்த மணிக்கணக்கு காகிதத்தில் நிறையுமே தவிர, பிள்ளையின் கைகளில் எதுவும் சேராது.

இனி ஆங்கிலம் பற்றிய உங்கள் கவலைக்கு வருகிறேன். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். முதல் பருவத்தில் உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்ந்து வரும்போது தமிழ் வழி மாணவிகள் திணறுவது உண்மை; அது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துப் பிரச்சினை. அதே பருவத்தில் ஆங்கிலத் தொடர்புத்திறனே ஒரு பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவச் சொற்கள் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கும் புதியவைதாம், ஏனெனில் அவை கிரேக்க, லத்தீன் வேர்களால் ஆனவை. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'டேக்கி' என்று தொடங்கினால் வேகம், 'ஹைப்போ' என்றால் குறைவு என்று ஒரு நோட்டில் நாளுக்குப் பத்துச் சொல்லாக எழுதி வரட்டும். பிளஸ் டூ தமிழ் உயிரியல் புத்தகத்தை எடைக்குப் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். ஒரே உறுப்பை இரு மொழியில் படித்தவள் அதை மறப்பதில்லை.

வார்டுக்குள் நுழைந்த பிறகு நிலைமை அவளுக்குச் சாதகமாகத் திரும்பும். "மாரு அடைக்குது", "நெஞ்சு கரிக்குது", "மேலுக்கு முடியல", "தலை கிறுகிறுங்குது" என்றுதான் நம் நோயாளிகள் சொல்வார்கள். மாரடைப்பின் இறுக்கம் எது, அமிலம் மேலே ஏறும் எரிச்சல் எது என்று பிரித்தறிய, அவர்கள் பேச்சின் நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். கிராமத்தில் வளர்ந்த உங்கள் மகளுக்கு அது இயல்பாகவே இருக்கும். பெங்களூரில் அவள் இந்த நோய் விவரங்களையே பல நோயாளிகளிடம் கன்னடத்தில் கேட்டு, ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். அங்கே நல்ல கல்லூரிகள் உண்டு, கன்னடம் கற்றுத் தேறிய தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஆங்கிலத்துக்கே அஞ்சும் ஒரு பிள்ளையின் மேல் முதல் ஆண்டிலேயே இன்னொரு புதிய மொழியையும் சுமத்துவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

செலவைப் பொறுத்தவரை, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும், சாதி, வருமானச் சான்றிதழ்களையும் இப்போதே வாங்கி வையுங்கள். தனியார் கல்லூரி என்றால் நான்கு ஆண்டுக்குமான முழுக் கட்டணத்தையும், சீருடை, விடுதி, பயிற்சிக்குச் செல்லும் பேருந்து, தேர்வுக் கட்டணம் உட்பட எழுத்தில் கேளுங்கள்; முதல் ஆண்டுத் தொகையை மட்டும் சொல்லிச் சேர்க்கிறவர்களிடம் எச்சரிக்கை தேவை.

பட்டப்படிப்பில் இடமே அமையாவிட்டால் மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பும் மதிப்புள்ளதுதான். அதை முடித்துப் பதிவு செய்தவர்கள் பின்னர் இரண்டாண்டில் பட்டம் பெறலாம். எய்ம்ஸ் செவிலியர் தேர்வுக்குப் பட்டதாரி உடனே விண்ணப்பிக்கலாம், பட்டயம் பெற்றவருக்கு 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும் என்ற வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும், சேர்ந்த முதல் வாரத்திலேயே மகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்று மூன்று தவணை. நோயாளியின் இரத்தத்தோடும் ஊசிகளோடும் அவள் புழங்கத் தொடங்குமுன் பாதுகாப்பு உருவாகியிருக்க வேண்டும்; அதற்கு நாளாகும். கல்லூரி ஏற்பாடு செய்யும் என்று காத்திராமல் அரசு மருத்துவமனையிலோ குடும்ப மருத்துவரிடமோ நீங்களே கேளுங்கள்.