ஃப்ரீசர் குளிர்கிறது, கீழே குளிரவில்லை: டிஃப்ராஸ்ட் பழுதா?

ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஐஸ் பிடிக்கிறது, கீழ்த்தட்டில் குளிர்ச்சியே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே கரைத்துக்கொள்ளும்) மாடல் என்றால் பெரும்பாலும் டிஃப்ராஸ்ட், அதாவது அந்தப் பனியைக் கரைக்கும் அமைப்பு, பழுதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். குளிர்ச்சி தரும் குழாயான காயிலைப் பனி முழுக்க மூடியிருந்தால் குளிர்காற்று கீழே போக வழியில்லை என்று அர்த்தம். ஒரு ஓரத்தில் மட்டும் பனி என்றால் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கலாம், அது வேறு கதை.

கதவைத் திறந்து வைத்துப் பனியைக் கரையவிடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள், காயிலில் ஓட்டை விழும். அப்புறம் மல்டிமீட்டரில் பனியைக் கரைக்கும் ஹீட்டரையும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கும் தெர்மல் ஃபியூஸையும் பாருங்கள். தொடர்பு அறுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். குளிர்ந்தால் ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான பைமெட்டலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறை வெப்பத்தில் அது திறந்தேதான் (தொடர்பு இல்லாமல்தான்) இருக்கும். நன்றாகக் குளிர்ந்த நிலையில் சோதித்தால்தான் உண்மை தெரியும். மூன்றும் சரி என்றால் டிஃப்ராஸ்டை நேரம் பார்த்து ஓட்டும் டைமரோ எலக்ட்ரானிக் போர்டோதான் பழுது.