வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: சி3, சி4 குறைந்தால் என்ன பொருள்?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. ஆறு மாதங்களுக்கு முன் லூபஸ் நோய் என்று கண்டறிந்தார்கள். சென்ற வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சி3 48 என்றும் சி4 6 என்றும் வந்து, இரண்டுக்கும் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி போட்டிருந்தது. சிறுநீரில் புரதம் 2 பிளஸ். "எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்படியிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை மருத்துவர் ஏன் மேலும் கூட்டுகிறார்?
– ஒரு தாய், திண்டுக்கல்.

பதில்: அந்த அம்புக்குறியைப் பார்த்துக் கலங்காத பெற்றோர் குறைவு. ஆனால் அது சொல்லும் செய்தியை உங்கள் உறவினர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சி3, சி4 ஆகியவை நிரப்புப் புரதங்கள் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவை. முப்பதுக்கும் மேற்பட்ட இந்தப் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் உற்பத்தி செய்கிறது. இவை வேலை வரும்வரை அடங்கிய நிலையில் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கிருமியின் மீது எதிர்ப்பொருள் (அதை அடையாளம் கண்டு பற்றும் புரதமான 'ஆன்டிபாடி') சென்று ஒட்டியதும், சி1 அதைப் பற்றிக்கொள்கிறது. அது சி4ஐயும் சி2ஐயும் வெட்ட, அவை சேர்ந்து சி3ஐ வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட சி3இன் பெரிய துண்டு, கழுவினாலும் போகாத சாயம்போல் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, அந்த அடையாளத்தைப் பார்த்து வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. சிறிய துண்டு, அந்த இடத்தில் அழற்சியைத் தூண்டுகிறது. இறுதியில் சி5 முதல் சி9 வரையுள்ளவை ஒன்றுகூடிக் கிருமியின் சவ்வில் துளையிடுகின்றன. இவ்வாறு வெட்டுப்பட்ட புரதம் மீண்டும் ஒன்றுசேராது; செலவானது செலவானதுதான்.

லூபஸ் நோயில், உடல் தன் சொந்த உயிரணுக்களின் உட்கருப் பொருள்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை பிணைந்த கூட்டுகள் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிந்ததும், அங்கே கிருமி வந்துவிட்டது என்பதுபோல் நிரப்புப் புரதங்கள் விழித்தெழுந்து, கல்லீரல் உற்பத்தி செய்வதைவிட வேகமாகச் செலவாகின்றன. கிடங்கில் நெல் மூட்டை குறைகிறதென்றால் வயலில் விளையவில்லை என்றும் இருக்கலாம், எங்கோ பெரும் பந்தி நடக்கிறது என்றும் இருக்கலாம். சிறுநீரில் புரதமும் இறங்கும்போது, உங்கள் மகளுக்கு நடப்பது இரண்டாவது என்றே கருத வேண்டியிருக்கிறது. ஆகவே மாத்திரையைக் கூட்டுவது, அந்தத் தவறான போரை நிறுத்துவதற்காகத்தான். சிகிச்சை பலித்தால் பெரும்பாலும் சி3 தானாகவே மேலேறும்.

உங்கள் மருத்துவர் சிறுநீரகத் திசு ஆய்வு தேவை என்று சொன்னால் தயங்காதீர்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய அந்தத் திசுவை இருட்டறையில் நுண்ணோக்கியின் வழியே பார்த்தால், வடிகட்டிகளின் சுவர் நெடுகச் சி3உம் சி1உம் படிந்த இடங்கள் பச்சை நிறத்தில் சுடர்விடும். இரத்தத்தில் காணாமற்போனவற்றின் ஒரு பகுதி அங்கே கிடப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வழக்கமான அளவு பல ஆய்வகங்களில் சி3க்கு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 90 முதல் 180 மில்லிகிராம், சி4க்கு 10 முதல் 40 என்றாலும், சிலருக்குப் பிறவியிலேயே சி4 மரபணுப் பிரதிகள் குறைவாக இருப்பதால் நோய் அடங்கிய காலத்திலும் அவர்களுடைய சி4 உயராது. எனவே ஒரு தாளில் உள்ள ஓர் எண்ணைவிட, பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்ட போக்கே முக்கியம். எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வைத்திருங்கள். அடுத்து, சி1இன் ஒரு கூறான சி1கியூ பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. தாக்கும் புரதம் இல்லாவிட்டால் நோய் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். இறந்த உயிரணுக்களின் குப்பையை அகற்றுவதும் இந்தப் புரதங்களின் வேலை என்பதே இதற்கு விடை. அகற்றப்படாத குப்பையிலுள்ள உட்கருப் பொருளைக் கண்டுதான் உடல் தனக்கெதிராகத் திரும்புகிறது. ஆகவே நிரப்புப் புரதத்தை நண்பன் என்றோ பகைவன் என்றோ ஒரே சொல்லில் முடிக்க இயலாது.

கேள்வி: சி3 அளவை உயர்த்தும் உணவோ கஷாயமோ உண்டா?
– வாசகர், நாமக்கல்.

பதில்: இல்லை. செலவை நிறுத்தாமல் வரவைக் கூட்ட முயல்வதில் பயனும் இல்லை. ஒன்றைத் தவிர்க்கச் சொல்வேன்: நம் ஊரில் மாட்டுத் தீவனமாக அறியப்படும் குதிரை மசால், 'ஆல்ஃபால்ஃபா' என்ற பெயரில் சத்துப்பொருளாக விற்கப்படுகிறது. அதன் விதையிலும் முளையிலும் உள்ள கேனவனின் என்னும் பொருள் லூபஸைக் கிளறிவிடக் கூடியது.

கேள்வி: 'நிரப்பு' என்ற பெயர் எப்படி வந்தது? சி1க்கு அடுத்து சி4 வருவது ஏன்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி.

பதில்: பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்தே, 1890களில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியபோது, காலரா கிருமிக்கு எதிர்ப்பூட்டப்பட்ட விலங்கின் சீரத்தை ஆராய்ந்தார். கிருமியைக் கரைத்துக்கொண்டிருந்த அந்தச் சீரம், ஏறத்தாழ 56 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியதும் செயலற்றுப்போனது. எதிர்ப்பூட்டப்படாத விலங்கின் புதிய சீரத்தில் சிறிது சேர்த்ததும் இழந்த ஆற்றல் திரும்பியது. அதாவது, சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருள் ஒன்று. அதன் வேலையை நிறைவு செய்யும், சூடு தாங்காத வேறொன்று. அந்த இரண்டாவதுக்கு ஜெர்மானியரான பால் எர்லிக் இட்ட 'காம்ப்ளிமென்ட்' என்ற பெயரே நிலைத்தது; 'நிரப்பு' என்பது அதன் தமிழாக்கம். போர்தே 1919ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். சிபிலிஸ் நோயைக் கண்டறிய 1906இல் வந்த வாசர்மன் பரிசோதனையும் இந்தப் புரதம் செலவாகிறதா என்று பார்க்கும் முறைதான்.

எண்கள், கண்டறியப்பட்ட வரிசையில் இடப்பட்டவை. செயல்படும் வரிசை சி1, சி4, சி2, சி3. தேர்வில் இதைத் தவறாக எழுதாத மருத்துவ மாணவர் அரிது, நானும் எழுதியிருக்கிறேன்.

எதிர்ப்பொருளே இல்லாமலும் சி3 விழித்தெழும் என்று 1954இல் அமெரிக்கரான லூயி பில்மர் எழுதினார். பலர் ஏற்கவில்லை. அவர் 1957இல் இறந்தார். அவர் கண்டது சரியே என்பது பிற்பாடுதான் உறுதியாயிற்று. இன்று அது 'மாற்றுப் பாதை' என்று பாடநூலில் இருக்கிறது.

கேள்வி: என் கணவருக்குச் சிவப்பணுக்கள் இரத்தத்திலேயே உடையும் பி.என்.எச். நோய். எகுலிசுமாப் ஊசி தொடங்குமுன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?
– வாசகி, சென்னை.

பதில்: மாற்றுப் பாதையில் சி3 எந்நேரமும் சிறிதளவு விழித்துக்கொண்டேயிருக்கும், அது தன் உயிரணு, பிறர் உயிரணு என்று பார்த்து ஒட்டுவதில்லை. நம் உயிரணுக்கள் பிழைத்திருப்பது, அவற்றின் மேற்பரப்பில் சிடி55, சிடி59 போன்ற தடுப்புப் புரதங்கள் இருப்பதால்தான். உங்கள் கணவரின் எலும்பு மஜ்ஜையில் பிக்-ஏ என்னும் மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால், அந்தத் தடுப்புகளைச் சவ்வில் பிணைக்கும் கொக்கி உருவாவதில்லை. காவலற்ற சிவப்பணுக்களை அவருடைய நிரப்புப் புரதங்களே துளைத்துவிடுகின்றன. 2007இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எகுலிசுமாப், சி5ஐக் கட்டிப்போட்டு அந்தத் துளையிடலை நிறுத்துகிறது.

ஆனால் மெனிங்கோகாக்கஸ் என்னும் மூளைக்காய்ச்சல் கிருமியை உடல் வெல்வது பெரும்பாலும் அதே துளையிடலால்தான். இந்த மருந்து பெறுவோருக்கு அக்கிருமி தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1,000 முதல் 2,000 மடங்கு அதிகம். அதனால்தான், அவசரம் இல்லாவிட்டால், ஊசிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசியை முடிக்கச் சொல்கிறார்கள். தடுப்பூசி போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் செந்நிறப் புள்ளிகள் ஆகியவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும், மருந்தின் பெயரைச் சொல்லி மருத்துவமனையில் காட்டுங்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையனுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறி, மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி, சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போயிற்று. சி3 மட்டும் குறைவு, சி4 சரியாக இருக்கிறது. இதுவும் லூபஸா?
– தந்தை, விழுப்புரம்.

பதில்: நீங்கள் விவரிப்பது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியோடு பொருந்துகிறது. இதில் மாற்றுப் பாதையே பெரிதும் விழிப்பதால் சி3 குறைய, சி4 பெரும்பாலும் தப்பிவிடும். லூபஸில் இரண்டுமே குறைவது வழக்கம். பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைகிறார்கள். இப்போது கவனிக்க வேண்டியவை இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, உணவில் உப்பு. வீக்கம் வடிந்துவிட்டதென்று விட்டுவிடாமல், எட்டு வாரம் கழித்துச் சி3ஐ மறுபடி பாருங்கள். அதற்குள் அது இயல்பு நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால், வேறொரு சிறுநீரக நோய் மறைந்திருக்கிறதா என்று சிறுநீரக மருத்துவர் தேட வேண்டியிருக்கும்.