வாசகர் கேள்வி பதில்: சீனச் சாயலில் ஜோடிக் குழல்

கேள்வி: நானும் என் சித்தப்பா மகனும் புல்லாங்குழல் வாசிக்கிறோம், வர்ணம் வரை பாடம் ஆகிவிட்டது. கோயில் கொடை மேடையில் வாசிக்க, சீன இசைச் சாயலில் ஐந்து நிமிட உருப்படி ஒன்று மோகனத்தில் போட்டோம். கேட்டவர்கள் எல்லாம் “மோகனம் நல்லாருக்கு” என்கிறார்களே தவிர, சீனம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. என்ன குறை?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ராகத் தேர்வில் குறை இல்லை. சீனர்களின் ‘கோங்’ என்னும் ஐந்து ஸ்வர முறைக்கும் மோகனத்துக்கும் ஸ்வரங்கள் ஒன்றுதான். அதே ஐந்து ஸ்வரத்தில் ஆதாரத்தை நகர்த்தினால் நம் கிரக பேதமும் (ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் காண்பது) அவர்கள் வரிசையும் கைகோத்துப் போகும்: ரி ஆதாரமானால் ‘ஷாங்’, நமக்கு மத்தியமாவதி, க ஆதாரமானால் ‘ஜுவே’, ஹிந்தோளம், ப ஆதாரமானால் ‘ஜி’, சுத்த சாவேரி, த ஆதாரமானால் ‘யூ’, சுத்த தன்யாசி.

குறை விரலில் இருக்கிறது. நீட்டிப் பிடிக்கும் ரி, த இரண்டையும் நம் விரல் அசைக்காமல் விடாது. அந்த அசைவு வந்த நொடியே கேட்பவருக்கு மோகனம் வந்து உட்கார்ந்துவிடும். ஸ்வரத்தை நேராக நிறுத்துங்கள். அலங்காரம் வேண்டுமானால் ஸ்வரம் பிறக்கும் இடத்தில் மட்டும்: மேல் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டு இறங்குவது, விரலால் துளையை ஒரே ஒரு தட்டு தட்டுவது. நீளமான ஸ்வரத்தின் கடைசியில் வயிற்றுக் காற்றால் மெல்லிய அலை கொடுக்கலாம். இது தென்சீனப் பாணிக்கு நெருக்கம். வடசீனப் பாணி வேண்டுமென்றால் ‘து-கு து-கு’ என்று இரட்டைத் துத்துக்காரமும் (நாக்கால் காற்றை வெட்டி ஊதுவது), க-விலிருந்து ப-வுக்கு வெளிப்படையான ஜாருவும் (வழுக்கிச் செல்வது) போடுங்கள். இரண்டையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம்.

சரிகபத என்று படிப்படியாக ஏறுவதைக் குறையுங்கள். ரி-ப, க-த என்று தாண்டுங்கள். இன்னொன்று: ஒரே ஸ்வரத்தை நாலு தரம் தட்டி, கீழே இணையாக இன்னொரு குழல் வரும் அந்தச் சினிமா ‘சீன மெட்டு’ வேண்டவே வேண்டாம். அது மேற்கத்திய மேடைகளில் பிறந்த சரக்கு.

கேள்வி: இரண்டாவது குழலுக்கு என்ன எழுதுவது? ஒரே மெட்டை இருவரும் வாசித்தால் சலிப்பாக இருக்கிறது. வேறு வேறு மெட்டு வாசித்தால் சண்டை மாதிரி கேட்கிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ஷாங்காய் பக்கத்து ஜியாங்நான் வட்டாரத்தில் பட்டு நரம்பு வாத்தியமும் மூங்கில் குழலும் சேர்ந்து வாசிக்கும் மரபு உண்டு. அங்கே எல்லோருக்கும் மெட்டு ஒன்றுதான். அவரவர் வாத்தியத்துக்கு ஏற்ப அலங்காரம் மட்டும் வேறு. காலத்தை இரட்டிப்பாக இழுத்து, நடுவில் கிடைத்த இடத்தில் ஸ்வரங்களைப் பூவாகத் தொடுப்பார்கள். ஒரே வரியை விதவிதமாக வளர்க்கும் நம் சங்கதி முறைக்கு இது தூரமில்லை. அவர்களின் அடி மெட்டுகளில் ஒன்று எட்டு வரி, வரிக்கு எட்டு தட்டு. ஒரு வரியில் மட்டும் 4 கூடி மொத்தம் 68. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் அடைக்கப் பார்த்தால் அந்த நாலு துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் சொந்தமாக எட்டு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஒரு ஆவர்த்தனம்) எழுதிக்கொள்வது நல்லது.

ஒரு ஆவர்த்தனம் மாதிரிக்கு. முதல் குழல், அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, ஒரு ஸ்வரம் (‘,’ என்பது முந்தைய ஸ்வரத்தின் நீட்சி):

க ப த ப | க ரி | ச , ||

இரண்டாம் குழல், அட்சரத்துக்கு இரண்டு (ச' என்பது மேல் ஷட்ஜம்):

கரி பக தச' பத | கப ரிக | சரி ச, ||

தட்டு விழும் இடத்தில் இருவரும் ஒரே ஸ்வரத்தில் சந்திக்கிறார்கள். பிரிவதெல்லாம் தட்டுகளுக்கு நடுவில். சந்திப்பு தவறினால்தான் சண்டை மாதிரி கேட்கும். இந்த ஐந்து ஸ்வரத்தில் ஜோடிகள் மொத்தம் பத்து. ச-ரி, ரி-க, ப-த மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரம் என்பதால் உரசும். கடந்து போகும்போது அழகு; தட்டில் நிறுத்தினால் கரகரப்பு. ச-ப, ரி-ப, ரி-த, க-த நான்கும் வெறுமையாக ஒலிக்கும், வரி முடியும் இடத்துக்குப் பொருத்தம். மீதி ச-க, க-ப, ச-த மூன்றும் இனிப்பு. இனிப்பை அடிக்கடி பரிமாறினால் சர்ச் கீதம் மாதிரி ஆகிவிடும்.

முழு உருப்படிக்கு ஒரு கணக்கு: தாளமில்லாமல் 40 வினாடி ஆலாபனை. அடி மெட்டு எட்டு ஆவர்த்தனம், நிமிடத்துக்கு 120 அட்சரம்: 32 வினாடி. அதையே 60க்கு இறக்கி மேலே காட்டியபடி: 64 வினாடி. 40க்கு இறக்கி அட்சரத்துக்கு நாலு ஸ்வரம்: 96 வினாடி. மறுபடி 120இல் இரண்டு தரம்: 64 வினாடி. கூட்டினால் நாலு வினாடி குறைவாக ஐந்து நிமிடம். 40இல் ஒரு ஆவர்த்தனம் 12 வினாடி ஓடும். அங்கே இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். ஒருவர் நாலாவது அட்சரம் முடிந்ததும், மற்றவர் எட்டாவதிலும் வாங்குவதாகத் தாளில் குறித்துவிடுங்கள்.

கல் மண்டபத்தில் வாசிப்பதென்றால் 120ஐ 100 ஆக்குங்கள். நெல்லையப்பர் கோயில் மண்டபம் போன்ற இடத்தில் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த துத்துக்காரம் வந்துவிழும், எல்லாம் கூழாகிவிடும்.

கேள்வி: என்னிடம் 5 கட்டை சுருதிக் குழல், நண்பனிடம் பெரிய 1 கட்டை சுருதிக் குழல். புதிதாக வாங்காமல் சேர்ந்து வாசிக்க வழி உண்டா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: உண்டு, ஒரே அளவுக் குழல் இரண்டை விட இதுவே மேல். அவர் மோகனம் வாசிக்கட்டும், நீங்கள் சுத்த சாவேரி வாசியுங்கள். அவருடைய ச உங்களுக்கு ம. அவருடைய ப உங்களுக்கு ச. வெளியே வருவது அதே ஐந்து ஸ்வரம். வரி முடிவில் உங்கள் மனம் உங்கள் ச-வில் நிற்கப் பார்க்கும், அதாவது அவருடைய ப-வில். இருவரும் பேசிவைத்து ஒரு பகுதி முழுக்க அங்கேயே நின்றால் ‘ஜி’ முறையின் நிறம் தானாக வரும்.

ஆனால் சுருதிப் பெட்டி ஓடினால் அந்த நிற மாற்றம் காதில் ஏறாது. 1 கட்டை ச விடாமல் ஒலித்து எல்லாவற்றையும் மோகனமாகவே பிடித்துவைக்கும். ஆலாபனை முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, சீனக் குழலில் வருகிற அந்த ‘ஜிர்’ என்ற ஒலியை நம் குழலில் கொண்டுவர முடியுமா?
– வாசகர், தென்காசி

பதில்: அந்தக் குழலின் பெயர் டிஸி. ஊதும் துளைக்கும் விரல் துளைக்கும் நடுவே ஒரு துளை இருக்கும். அதன்மேல் நாணல் தண்டின் உள்சவ்வை ஒட்டுவார்கள். ஒலி அங்கிருந்து வருகிறது. கச்சேரிக் குழலில் துளை போடாதீர்கள்; பழைய பயிற்சிக் குழல் இருந்தால் முயலலாம். சவ்வுக்கு வெங்காய அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் கண்ணாடித் தோல் போதும். துளையின் விளிம்பில் வெட்டிய பூண்டைத் தேய்த்து, தோலைச் சற்றுப் பெரிதாக வெட்டி, குழலுக்குக் குறுக்காக மெல்லிய சுருக்கம் விழும்படி ஒட்டுங்கள். விறைப்பாக ஒட்டினால் ‘ஜிர்’ வராது. தொளதொளத்தால் மேல் ஸ்தாயி பிடிக்காது. உங்கள் ஊர் சாரல் காலத்தில் ஈரம் ஏறித் தோல் தளரும். நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் துளைமேல் செலோ டேப் ஒட்டுங்கள், குழல் பழையபடி பேசும்.

கேள்வி: மேல் ஸ்தாயியில் இருவரும் நீட்டினால் மூன்றாவதாக ஒரு முனகல் கேட்கிறது. மைக் கோளாறா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: மைக்கை விட்டுவிடுங்கள். இரண்டு ஒலிகளின் அதிர்வெண் வித்தியாசம் காதுக்குள் தனி ஒலியாகக் கேட்கிறது. ச 800, க 1000 என்றால் முனகல் 200. அது ச-வுக்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ச, சுருதியோடு சேர்ந்துபோகும். க 1010க்கு ஏறினால் முனகல் 210 ஆகிவிடும். க-வில் அது சிறிய பிசகு. முனகலிலோ கிட்டத்தட்ட அரை ஸ்வர விலகல். முனகல் நாராசமாக இருந்தால் க-வை ஊதுபவர் உதட்டைச் சற்று உள்ளே திருப்பட்டும்.

இருவரும் சேர்ந்து ஒரே ச ஊதிச் சரிபார்ப்பதும் அவசியம்: 800க்கு 803 என்றால் நொடிக்கு மூன்று அலை கேட்கும். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (100 சென்ட் அரை ஸ்வரம்). ஏசி அறையிலிருந்து வந்த குழலும் வெயிலில் கிடந்த குழலும் ஒத்துப்போகாது. மேடைக்கு வெளியே இருவரும் பத்து நிமிடம் ஊதிவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.