எம்ஜிபி வாங்கினால் அது முதலீடா?

கேள்வி: லண்டன், ஹாரோவில் வசிக்கிறோம். பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிட்டது. கையில் 15,000 பவுண்டு சேமிப்பு இருக்கிறது. விடுமுறை நாட்களில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்ட ஒரு கார் வாங்க ஆசை. என் கணவர் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி (எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். “இது செலவில்லை, முதலீடு. விற்றால் வரிகூடக் கிடையாது” என்கிறார். எனக்கு, அதேபோலக் கூரை திறக்கும் 2017 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 போதும். யார் சொல்வது சரி?

பதில்: வரி விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. பிரிட்டனில் சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. அவர் சொல்லாமல் விட்டது, நஷ்டத்துக்கு விற்றால் அதை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது என்பது. வரியில்லாத லாபம்தான் குறி என்றால், பிரிட்டனின் வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கான ஐசா இருக்கிறது. ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம், அது துருப்பிடிப்பதில்லை.

எம்ஜிபி அழகான கார்தான். ஆனால் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் ஒன்றின் விலை பணவீக்கத்தைத் தாண்டி ஏறும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். 40 ஆண்டு கடந்த கார் என்பதால் சாலை வரி இல்லை, கார் ஓட்டத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. மாஸ்டாவுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 200 பவுண்டை ஒட்டி வரும். அந்த மிச்சத்தை ஒரே ஒரு வெல்டிங் பில் விழுங்கிவிடும்.

வெல்டிங் எங்கே என்கிறீர்களா? இரு கதவுகளுக்கும் கீழே நீளவாக்கில், எளிதில் துருப்பிடிக்கும் ஒரு தகட்டுப் பெட்டி ஓடுகிறது. தனி அடிச்சட்டகம் (சேஸிஸ்) இல்லாத இந்தக் காரின் உடல் பலத்தில் பெரும்பங்கு அதில்தான். துணி சுற்றிய காந்தத்தை அதன் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி பூசியிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். கதவின் இடைவெளி நெருங்கிக் கதவு இறுகினால் அந்தப் பெட்டி பலமிழந்துவிட்டது; பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். துருவின் மேல் புதுத் தகடு போர்த்தி, வண்ணம் அடித்து விற்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டியை முறையாகச் சரிசெய்தால் இருபுறமும் சேர்த்துச் சில ஆயிரம் பவுண்டு ஆகும்.

மாஸ்டாவின் விலையும் இறங்கும். ஆனால் செங்குத்தான சரிவை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். இனி எவ்வளவு போகும் என்பதை ஓரளவு கணக்கிட்டுக்கொள்ளலாம். பெட்ரோல் செலவும் எம்ஜிபியைவிட வெகுவாகக் குறைவு. மலிவு என்று 2000களின் தொடக்கத்து எம்எக்ஸ்-5 பக்கம் மட்டும் போகாதீர்கள், அதற்கும் அதே துரு நோய்.

ஆகவே உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. காருக்கு 12,000 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். மீதி, நினைத்தபோது எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு எம்ஜிபிதான் வேண்டுமென்றால், வாங்கட்டும், செலவு என்று எழுதிக்கொண்டு. சீரமைப்பு பாதியில் நிற்கும் காரை வாங்கித் தானே முடிப்பதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வேறொருவர் பணம் போட்டுச் சீரமைத்து, வேலை நடந்தபோது எடுத்த படங்களும் பில்களும் வைத்திருக்கும் காராகப் பாருங்கள். கட்டாயமில்லாவிட்டாலும் எம்ஓடி செய்த பிறகே பணம் கொடுங்கள். காப்பீட்டில், கார் முழுதும் சேதமானால் தரும் தொகையை முன்பே பேசி எழுத்தில் வாங்குங்கள்; இல்லையென்றால் நிறுவனம் அன்றைய மதிப்பு என்று தன் கணக்கைத்தான் காட்டும்.